சிவராத்திரி முதல் சித்திரை வரை: வேலூரில் இருவரும் வேலைக்குப் போகும் இளம் குடும்பத்துக்கு ஏழெட்டு வார வழிகாட்டி

தமிழ் மரபு மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் வகுத்திருக்கிறது. வேலூரில் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சித்திரை முடிவதற்குள் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடுகிற ஊரில், அந்த மாதத்தை இளவேனில் என்று சொன்னால் ஆட்டோ ஓட்டுநர்கூடச் சிரிப்பார். நமக்கு வாய்க்கும் வசந்தம் வேறொன்று. சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும் என்பார்கள். அன்று தொடங்கிச் சித்திரை முதல் நாள் வரையிலான ஏழெட்டு வாரங்களே அது. அப்போது புங்க மரங்கள் தளிர் விடுகின்றன, மாம்பூ பிஞ்சாகிறது, பங்குனியில் வேப்பம்பூ உதிரத் தொடங்குகிறது, காலை ஏழரை மணி வரை காற்றில் ஒரு மென்மை மிச்சமிருக்கிறது.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை என்று இந்த ஊரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. கோட்டையை விட்டுவிடுவோம். முதல் இரண்டும் நம் வீட்டு நடப்பைத் தீர்மானிப்பவை: சுற்றியுள்ள பாறை மலைகள் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் திருப்பித் தருகின்றன, பாலாற்று மணலோ பெரும்பாலான மாதங்களில் காய்ந்து கிடக்கிறது.

இந்த வழிகாட்டி எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து எழுதப்படுகிறது. சத்துவாச்சாரியில் மேல்மாடியில் ஒரு வாடகை வீடு. மனைவி முறைப்பணி செய்யும் செவிலியர். நான் காட்பாடிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். மகனுக்கு இரண்டரை வயது. இத்தகைய வீட்டில் இந்தப் பருவத்தில் பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரம். கீழே வரும் படிகள் யாவும் அந்த நேரத்தை எதற்குச் செலவிடுவது, எதற்குச் செலவிடக் கூடாது என்பதைப் பற்றியவையே.

முதல் படி: ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாள்காட்டி

சிவராத்திரிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, சித்திரை வரையிலான வாரங்களை ஒரே தாளில் கோடு போட்டு வரைந்துகொள்ளுங்கள். மகளின் முழு ஆண்டுத் தேர்வு நாட்கள், மனைவியின் இரவுப் பணி வாரங்கள், அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடி, மின் கணக்கெடுக்கும் நாள், சின்னவனுக்குப் போட வேண்டிய தடுப்பூசி, மாசி முகூர்த்தங்களில் தவிர்க்க முடியாத திருமணங்கள் ஆகிய அனைத்தையும் அதில் குறியுங்கள். மாசி அமாவாசையை ஒட்டிப் பாலாற்றங்கரையில் அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளை நடக்கும் நாளையும் மறக்காமல் எழுதுங்கள். அன்று மாலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து குழந்தையை அழைத்துவரலாம் என்று திட்டமிடுபவர் ஊருக்குப் புதியவராகத்தான் இருப்பார்.

எல்லாவற்றையும் எழுதிய பிறகு, உண்மையில் வெறுமையாக இருக்கும் காலைப்பொழுதுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்குப் பதினொன்று கிடைத்தன. செய்ய நினைத்த வேலைகள் இருபதுக்கு மேல் இருந்தன. பீரோவை ஒழுங்குசெய்வது, சுவருக்கு வண்ணம் அடிப்பது, திரைச்சீலை தைப்பது போன்றவற்றை அங்கேயே அடித்துவிட்டோம். வெயிலோடு தொடர்பில்லாத வேலையை ஆடியிலும் செய்யலாம்.

இரண்டாம் படி: கடிகாரத்தை நகர்த்துதல்

குளிர்காலத்தில் ஆறரைக்கு எழுந்த குழந்தையைச் சித்திரையில் திடீரென்று ஐந்தரைக்கு எழுப்பினால் வீடு முழுவதும் அழுகைதான். ஆகவே வாரத்துக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் வீதம் எல்லாவற்றையும் முன்னே இழுக்க வேண்டும். இதை இரவிலிருந்து தொடங்குவதே சரி. உணவு ஏழரைக்குள் முடிந்து, விளக்கு எட்டே முக்காலுக்குள் அணைந்தால், விழிப்பு தானாகவே முன்னே வரும். இந்த மாற்றத்தில் உண்மையான தடை கைப்பேசியை வைத்துக்கொண்டு பதினொன்று வரை உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்தான்; நானும் அதில் ஒருவன்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, அதை ‘வெயிலுக்கு முன்’, ‘வெயிலுக்குப் பின்’ என்று இரண்டாகப் பிரியுங்கள். சமையல், துணி துவைத்தல், மொட்டை மாடி வேலை, காய்கறி வாங்குதல், குழந்தைகளின் ஓட்டமும் விளையாட்டும் முதல் பகுதியில் வரட்டும். வீட்டுப்பாடம், துணி மடித்தல், கட்டணங்கள் செலுத்துதல் ஆகியவை இரண்டாவதற்குப் போகட்டும். பங்குனி நடுவிலிருந்து காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் இடையில் வெளி வேலை எதுவும் தாளில் இருக்கக் கூடாது.

இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர் வீட்டில் இருந்தால், எந்த அறை அவருக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மேற்குச் சுவர் உள்ள அறை பிற்பகலில் அடுப்பாகிவிடும். வடக்கு அல்லது கிழக்கு அறையே பகல் உறக்கத்துக்கு ஏற்றது. மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனத்த திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிடுவது பல மடங்கு பயன் தரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

இருசக்கர வாகனத்தில் குழந்தையைக் கொண்டு விடுபவர்கள் வண்டியின் இருக்கைக்கும் முன்பக்கத் தொட்டிக்கும் ஒரு பருத்தித் துணியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடும் நேரம்வரை வெயிலில் நின்ற வண்டி, அரைக்கால்சட்டை போட்ட குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அளவான தலைக்கவசமும் வேண்டும் என்றும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் சேர்க்கப்பட்டிருக்கிறது. வெயிலைக் காரணம் காட்டித் தலைக்கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: அன்றாடச் சமையலில் மாற்ற வேண்டியவை

பருவம் மாறுவதை முதலில் அறிவிப்பது இட்லி மாவு. மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் பொங்காமல் சோம்பிய மாவு, பங்குனியில் ஏழெட்டு மணி நேரத்திலும் சித்திரையில் ஐந்தாறு மணி நேரத்திலும் பொங்கி வழிந்துவிடும். ஆகவே இரவு பத்துக்கு அரைத்து வைத்துவிட்டு உறங்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். மாலையில் வீடு திரும்பியதும் அரைத்து, நான்கு நாட்களுக்கான மாவில் பாதியை உப்புச் சேர்க்காமல் நேராகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுபாதியை மட்டும் உப்பிட்டுப் புளிக்க விடுங்கள். அரைக்கும்போது குளிர்ந்த நீரைத் தெளித்தால் மாவு சூடேறுவது குறையும்.

மதிய உணவுப் பெட்டிதான் அடுத்த கவலை. ஆறரைக்குச் சமைத்த சோற்றைச் சூட்டோடு அடைத்து மூடினால், உள்ளே நீராவி படிந்து பன்னிரண்டரைக்குள் வாடை வந்துவிடும். சோற்றை அகலமான தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் ஆறவிட்ட பிறகே அடைக்க வேண்டும். தேங்காய் சேர்ந்த எதையும் பங்குனி முதல் மதியப் பெட்டிக்கு அனுப்பாதீர்கள். நல்லெண்ணெயில் காய்ச்சிய புளிக்காய்ச்சல் நம்பத் தகுந்தது. தயிர்ச் சோற்றுக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது: சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிரைக் கலந்து அனுப்புங்கள். வெயிலே அதை உறைய வைத்துவிடும். குழந்தை திறக்கும் நேரத்தில் புளிப்பேறாத, இனிப்பான தயிர்ச் சோறாக இருக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் கூழுக்கு ஒதுக்குங்கள். கேழ்வரகு மாவை இரவில் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் நொய்யை வேகவைத்து அதில் ஊற்றிக் கிளறினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் பெரியவர்களுக்கும், உப்பு குறைத்து நீர்க்கக் கரைத்தால் சின்னவனுக்கும் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்கு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயில் ஒரு காரக்குழம்பு வைத்தால், மறுநாள் காலைப் பழைய சோற்றுக்கும் அது துணை நிற்கும். இந்த ஆண்டுகளில் ரம்ஜான் நோன்பு மாசி, பங்குனியில் வருவதால், எதிர் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும் மாலைகளில் இரவு உணவைப் பற்றிய கவலையும் இல்லை.

நான்காம் படி: ஆண்டுக்கான மிளகாய், புளி, பருப்பு

இளம் குடும்பங்களில் பலர் இந்த வேலையைத் தாயிடமோ மாமியாரிடமோ விட்டுவிட்டார்கள், அல்லது பொட்டலத்தூளுக்கு மாறிவிட்டார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டே இரண்டு வார இறுதிகளை ஒதுக்க முடிந்தால், ஆண்டு முழுவதும் கடைக்கு ஓடும் வேலை பாதியாகக் குறையும். புது மிளகாய், புது மஞ்சள், புதுப் புளி, புதுத் துவரை ஆகியவை சந்தைக்கு வரும் காலமும், ஈரப்பதம் இல்லாத வெயில் கிடைக்கும் காலமும் ஒன்றாகச் சேர்வது இந்த வாரங்களில்தான்.

மிளகாயில் நிறத்துக்கும் மணத்துக்கும் குண்டு, காரத்துக்கு நீட்டு. நால்வர் கொண்ட எங்கள் வீட்டுக்கு ஆறு மாதக் குழம்புத்தூளுக்கு இரண்டும் சேர்ந்து 1 கிலோ மிளகாய், ஒன்றரைக் கிலோ தனியா, 100 கிராம் விரலி மஞ்சள் போதுமானதாக இருக்கிறது; மிளகு, சீரகம், வெந்தயம், துவரம் பருப்பு, கடலைப் பருப்பு ஆகியவை அவரவர் கைமணம். ஆண்டுக்கும் சேர்த்து ஒரே முறை அரைத்தால் பிற்பாதியில் மணம் போய்விடுகிறது. எனவே பொருளை ஒரே முறை வாங்கிக் காயவைத்து, பாதியை அரைத்துவிட்டு, மீதியை முழுதாகவே காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். லாங்கு பஜாரில் வாங்குவதானால் காலை எட்டுக்குள் போய்விட வேண்டும். பிறகு அந்தத் தெருவில் நடப்பதே ஒரு பயணம்.

காயவைக்கும் கணக்கைக் குடியாத்தத்திலிருந்து வந்த என் மாமியார் ஒரே வரியில் கற்றுக்கொடுத்தார்: “காதுகிட்ட வெச்சுக் குலுக்கிப் பாருங்க மாப்பிள்ளை, வெதை பேசணும்.” உள்ளே விதை கலகலக்கும் வரை இரண்டு அல்லது மூன்று நாள் வெயில் வேண்டும். வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால், வெள்ளை வேட்டியில் பரப்பி, மேலே ஒரு பழைய கொசுவலையை மூடி, நான்கு ஓரங்களிலும் செங்கல் வைத்துவிட்டுப் போங்கள். காக்கையும் புறாவும் தொடாது. மாலையில் திரும்பியதும் முதல் வேலையாக உள்ளே எடுத்துவிடுங்கள். இரவுப் பனி பட்டால் அன்றைய வெயில் வீண்.

அரவை ஆலையில் ஒரு முன்னெச்சரிக்கை வேண்டும். சின்னவனுக்கான சத்துமாவையும் மிளகாயையும் ஒரே நாளில் அரைக்கக் கொடுப்பதானால் சத்துமாவை முதலில் கொடுங்கள், அதற்கு முன்னால் அதே கல்லில் எது அரைபட்டது என்றும் கேளுங்கள். அரைத்து வந்த தூளைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல், தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே அடைக்க வேண்டும்; இல்லையென்றால் வேர்த்துக் கட்டிதட்டி, வண்டு வைத்துவிடும். ஆலைக்குக் குழந்தையை அழைத்துப் போகவே வேண்டாம்.

புளியை ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி ஒரு நாள் வெயில் காட்டி, கல்லுப்பை இடையிடையே தூவி, பீங்கான் ஜாடியிலோ மண் பானையிலோ அழுத்தி வையுங்கள். உலோகப் பாத்திரத்தைப் புளிப்பு அரித்துவிடும். மாதம் 400 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கிலோ போதும். புதுப் புளி வெளிறித்தான் இருக்கும். நிறம் பார்த்து ஏமாற வேண்டாம், ஜாடியில் இருக்க இருக்கக் கருக்கும். கொட்டை எடுக்கும் வேலையை இரவில் நால்வரும் உட்கார்ந்து செய்யலாம். எங்கள் மகள் பெருக்கல் வாய்ப்பாட்டைப் புளியங்கொட்டையை வைத்துத்தான் கற்றாள், அதனால் தேர்வுக்கும் அது வீண்போகவில்லை. பருப்பை ஒரு வெயில் காட்டி, காய்ந்த வேப்பிலையோடு டப்பாவில் போட்டால் அந்த வேலையும் முடிந்தது.

ஐந்தாம் படி: மொட்டை மாடியும் தண்ணீரும்

மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இதுவே எல்லாப் படிகளிலும் முக்கியமானது. கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் நம்மேல் தள்ளுகிறது. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி மேலேயே திரும்பிவிடும். வாடகை வீடானால் உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். பொருட்செலவு எங்களுடையது என்று சொன்னவுடன் எங்கள் உரிமையாளர் மறுப்புச் சொல்லவில்லை, ஏணியையும் கொடுத்தார்.

முதல் நாள் காலை மாடியைப் பெருக்கி, பாசி பிடித்த இடங்களைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துக் காயவிடுங்கள். அன்று மாலை சுட்ட சுண்ணாம்பை ஒரு பழைய இரும்பு டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். அப்போது அது தானாகவே கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் குழந்தைகள் மாடிப்படியில்கூட இருக்கக் கூடாது, கலக்குபவரும் கண்ணாடி அணிய வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் ஊறவைத்தால் வாளி உருகிவிடும். மறுநாள் காலை அதை வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை கலந்து, ஐந்தரைக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் ஒரு பூச்சு அடித்து முடியுங்கள். காய்ந்தபின் எதிர்த்திசையில் இரண்டாவது பூச்சு. இதைப் பங்குனிக்கு மேல் தள்ளிப்போட்டால், பூசும் வேகத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும், பூசுபவரும் வதங்கிவிடுவார்.

அதே வாரத்தில் தண்ணீர்த் தொட்டியையும் கழுவுங்கள். அடியிலுள்ள வண்டலை அகற்றி, உட்சுவரைத் தேய்த்து, நிரப்பிய பின் 1000 லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். கறுப்புத் தொட்டியாக இருந்தால் மேலே பச்சை நிழல்வலை கட்டுங்கள். பங்குனியிலேயே பிற்பகல் இரண்டு மணிக்குக் குழாயில் வரும் நீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும், பள்ளியிலிருந்து வந்து நேரே குளியலறைக்கு ஓடும் குழந்தைக்கு இது தெரியாது.

காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒருநாள் தவறினாலும் நாம் குடம், அண்டா, டிரம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய நல்ல நீரில்தான் வளர்கிறது; முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் சுவரைத் தேய்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது சனிக்கிழமை மாலை வேலை, என் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

குடிநீருக்கு மண் பானை வாங்குபவர்கள் புதுப் பானையை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஈர மணல் பரப்பிய தட்டின்மேல் வையுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி என்பதால், சில மாதங்களில் அந்தத் துளைகள் அடைபட்டுப் பானை குளிர்விக்காமல் போகிறது. சோப்பு போடாமல் நாரால் தேய்த்துக் கழுவிப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் புதிதாக வாங்குங்கள். மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற கரிகிரி இங்கிருந்து தொலைவில்லை.

ஆறாம் படி: மின்சாரக் கணக்கு

நம் மின் கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் கைநழுவுகிறது. ஒன்றரை டன் குளிரூட்டி மணிக்குச் சுமார் 1 யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், இரவுக்கு எட்டு மணி நேரம் வீதம் 60 இரவுகளுக்கு அதுவே 480 யூனிட். எனவே 26 அல்லது 27 பாகையில் வைத்து, மின்விசிறியையும் ஓடவிட்டு, அதிகாலை மூன்றுக்கு அணையும்படி நேரம் குறியுங்கள். குளிரூட்டியின் வடிகட்டியையும் மின்விசிறி இறக்கைகளையும் மாசியிலேயே துடைத்துவிடுங்கள், பங்குனியில் பழுது பார்ப்பவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். தண்ணீர் ஊற்றும் கூலர் வைத்திருப்பவர்கள் ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூடிய அறையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

ஏழாம் படி: குழந்தைகளின் உடல்நலம்

பின்பனி முடிந்து வெயில் தொடங்கும் இந்த வாரங்கள் சின்னம்மைக்கும் உரியவை. எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன், யாரையும் குறை சொல்ல இல்லை, தவறு எங்களுடையது. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லாததால், பணம் கொடுத்துப் போட வேண்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம். சென்ற பங்குனியில் மகளுக்குக் கொப்புளம் வந்தது. இருவரும் சேர்ந்து விடுப்பெடுத்து அவளைப் பார்த்துக்கொண்டோம். அவள் தேறிப் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது, சரியாகப் பதினைந்தாம் நாள், சின்னவனுக்கு வந்தது. அப்போது எங்கள் இருவர் கையிலும் விடுப்பு இல்லை.

தொற்று உள்ளே புகுந்து வெளிப்பட 10 முதல் 21 நாட்கள் ஆகும் என்பது வீட்டில் செவிலியர் இருந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. ஆகவே மூத்த குழந்தைக்கு அம்மை கண்டவுடன் ஒருவர் மட்டும் விடுப்பெடுங்கள், மற்றவர் தம் விடுப்பை அடுத்த சுற்றுக்காகக் காப்பாற்றி வையுங்கள். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை அது பரவும்; அதுவரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது. வேப்பிலை கட்டுவதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைக் கணக்கிடுவதும் பெரியவர்களின் நம்பிக்கை, அதைத் தடுக்க வேண்டியதில்லை. அம்மை கண்ட வீட்டில் மருத்துவரிடம் போகக் கூடாது என்பதை மட்டும் ஏற்க வேண்டாம். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. இபுபுரூஃபனையும் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளும், இதுவரை அம்மை காணாத பெரியவர்களும் விலகியிருக்க வேண்டும்; பெரியவர்களுக்கு அது கடுமையாகவே வரும்.

தடுப்பூசி அட்டையை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ஐந்து, ஆறு வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்கத் தவணையைப் பள்ளியில் சேர்த்த பரபரப்பில் பலர் மறந்துவிடுகிறார்கள். பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பு, தட்டம்மை, ரூபெல்லாவோடு அதையும் சேர்த்துத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசியில்தான் உண்டு என்பதால், அதையும் சின்னம்மை ஊசியையும் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் ஒரே முறையில் கேட்டுவிடுங்கள்.

வெயிலுக்கான மருந்துப் பெட்டியில் முதன்மையானது ஓஆர்எஸ் எனப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசல். உலகச் சுகாதார அமைப்பின் சூத்திரப்படி தயாரான 20.5 கிராம் பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுப்பது தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலம் இல்லாத நேரத்தில் 1 லிட்டர் நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். இனிப்புப் பானங்கள் தம் பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொள்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. பழைய பழக்கத்தில் அட்டைப்பெட்டிப் பானத்தைக் கேட்டு வாங்காதீர்கள்.

மகள் பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வாள். மாலையில் புட்டியைத் திறந்து மிச்சத்தைப் பாருங்கள், சிறுநீரின் நிறத்தையும் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர் வேண்டாம். வேர்க்குருவுக்கு மெல்லிய பருத்திச் சட்டையும் இருவேளைக் குளியலும் போதும். பவுடரை அப்பினால் வியர்வைத் துளைகள்தான் அடைபடும். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, எழுப்பினால் சோர்ந்து சரியும் குழந்தைக்கு வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள்.

எட்டாம் படி: விடுமுறைக்கு இப்போதே ஏற்பாடு

தேர்வு முடிந்து பள்ளி மூடும் நாளில்தான் பலருக்கு இந்தக் கவலை வருகிறது. மே மாதம் முழுவதும் குழந்தைகள் யாரோடு இருப்பார்கள் என்பதை மாசியிலேயே கேட்டுவிட வேண்டும். தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் உடம்புக்கு முடிகிறதா, கண் மருத்துவம் ஏதும் பார்க்க இருக்கிறார்களா என்று விசாரித்த பிறகே குழந்தைகளை அனுப்பும் பேச்சை எடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளையும் ஒப்படைப்பது அவர்களுக்குச் சுமை. நாங்கள் இரண்டாம் பாதிக்கு மகளை மட்டும் குடியாத்தத்துக்கு அனுப்புகிறோம். வைகாசி முதல் நாள் அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்று அந்த ஊருக்குள் வண்டி நுழைவது அரிது என்பதால் இரண்டு நாள் முன்பே கொண்டுபோய் விட்டுவிடுவோம்.

ஊரிலேயே இருக்கும் நாட்களில் காலை வேளைக்குக் கோட்டை அருங்காட்சியகமும், சத்துவாச்சாரியிலுள்ள மாவட்ட அறிவியல் மையமும் போதுமானவை. ஏலகிரிக்குப் போவதானால் பள்ளிகள் மூடுவதற்கு முன்பு, பங்குனியின் ஒரு வாரநாளில் விடுப்பெடுத்துப் போங்கள். மே மாத ஞாயிறுகளில் மலைப்பாதை வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

ஒன்பதாம் படி: வேப்பம்பூ

பங்குனிக் கடைசியில் ஏதாவது இரண்டு காலைகளில், ஆறு மணிக்கு முன்பாக, தெருமுனை வேப்பமரத்தடியில் பழைய வேட்டியொன்றை விரித்துவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரத்தில் பூ அதில் உதிர்ந்திருக்கும். காம்பும் குச்சியும் பொறுக்கும் வேலை குழந்தைகளுக்கு. அலசி, நிழலில் இரண்டு நாளும் வெயிலில் ஒரு நாளும் உலர்த்தினால் ஒரு சிறு புட்டி நிறையும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு ஒரு பிடி எடுத்து நெய்யில் கருகாமல் வறுத்து, மாங்காயும் வெல்லமும் வேகும்போது கடைசியில் சேருங்கள், மீதியை ரசத்துக்கு வையுங்கள். எங்கள் சின்னவன் மாங்காயைத் தின்றுவிட்டுப் பூவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பான், அதை அவன் அக்கா எடுத்துக்கொள்வாள்.